தண்ணீர் கழித்த எடை

"காலையிலிருந்து வயித்துல ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டாவது டம்ளர் டீயைக் குடித்து முடித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பஸ் பர்லியாரில் நின்றிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாவால் பஸ் படியில் இறங்கி ஏற முடியாது, முழங்கால் இரண்டும் அப்படி. அதனால் நான் கீழே போய் ஜன்னல் வழியாக டீயை நீட்டினேன். முதல் டம்ளரில் மொறுமொறு ஊட்டி வர்க்கியை முக்கி முக்கிச் சாப்பிட்டாள். இரண்டாவதைச் சும்மா குடித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு, வயிற்றில் ஒன்றுமில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அன்றைக்கு அவள் எதுவுமே சாப்பிடவில்லை.

அன்று காலை டாக்டரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா சாப்பிடுவீங்க?"

"காலைல ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க. மத்தியானம் கொஞ்சூண்டு சோறு. அப்பறம் ராத்திரிக்குச் சோறு. அவ்வளவுதானுங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் எடை மெஷினைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெறும் காத்தைக் குடிச்சா இவ்வளவு வெயிட் போடுமா? வாயைக் கட்டுங்கம்மா, வாயை."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஓட்டலில் உட்கார்ந்து ஆசைக்கு ஒரு தோசை சாப்பிட்டு எத்தனை வருஷமாயிற்றோ தெரியாது, அவளைப் பார்த்து வாயைக் கட்டச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் வந்திருந்தது, அவளுக்கு ரத்தசோகை. "இத்தாம் பெரிய உடம்புல ரத்தம் எங்கீங்க போச்சு?" என்று அம்மா கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்தார்.

மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும், காப்பீட்டு அட்டையிலேயே செய்துவிடலாம், ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். சீட்டில் ஒரு எடையை எழுதி வட்டம் போட்டார். கோடை விடுமுறை முடியும் சமயத்தில் வரச் சொன்னார். அதற்குள் அந்த வட்டத்துக்குள் அம்மா இறங்க வேண்டும்.

நானும் அங்கேதான் நின்றேன். பயோகெமிஸ்ட்ரி படித்தவள். கல்லூரியில் மாவுச்சத்து எப்படிக் கொழுப்பாகிறது என்று படம் போட்டு விளக்கி மார்க் வாங்கியவள். டாக்டர் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது எனக்கும் டீ ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. மூடுபனி மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் புறப்படும்போது ஒன்று, தேயிலைக் காட்டில் பத்து மணிக்கு, மத்தியானத்துக்கு மேல் மறுபடி, திரும்பி வந்ததும், யார் வீட்டுப் படி ஏறினாலும், சாவு வீட்டில்கூட. எல்லாம் பெரிய டம்ளர். எல்லாம் கரண்டி நிற்கிற இனிப்பு.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியதைவிட வேகமாக என் மூளை திரும்பியது. அப்படியென்றால் வழி இருக்கிறது. இந்த டம்ளர்தான் வழி.

வழி எங்களுக்கு எவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் இலை எடுக்கிறாள். நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவரைக்கும் வீடு எங்களுக்கு. அப்பா இறந்தபிறகு அந்த ஒருத்தர் அம்மாதான். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறது. அதற்குள் கால் ஏறாமல் போனால் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்க வேண்டும், அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. இல்லையென்றால் அம்மாவுக்குப் பதிலாக என் பேரைப் பதிய வேண்டும்.

இந்த இரண்டாவதை மட்டும் அம்மாவிடம் பேசவே முடியாது. "நான் மூட்டை சொமந்து உன்னைப் படிக்க வெச்சது, நீ வந்து என் மூட்டையச் சொமக்கறதுக்கா?" என்று ஒருமுறை கேட்டாள். அன்று அவள் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம். நான் குன்னூரில் தேயிலை வியாபார ஆபீஸ் ஒன்றில் ஏல விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, பரிசோதனைக்கூட வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த விண்ணப்பங்களைத் தபாலில் போடும்போதெல்லாம் அம்மா உறையைக் கண்ணில் ஒற்றித் தருவாள்.

ஆக, எடை குறைந்தால் கால் கிடைக்கும். கால் கிடைத்தால் வீடு நிற்கும். வீடு நின்றால் நான் இலை எடுக்க அந்தத் தேயிலை மேட்டில் ஏற வேண்டாம். எனக்கு இவ்வளவு நேரான கணக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். அம்மா ஒரு நாளில் குடிக்கிற டீ எல்லாவற்றுக்கும் உரிய சர்க்கரையைக் கரண்டி கரண்டியாக எடுத்து ஒரு சாப்பாட்டுத் தட்டில் குவித்தேன். வர்க்கியையும் பக்கத்தில் வைத்தேன், அதிலிருக்கிற மைதாவும் நெய் என்ற பேரில் போடுகிற டால்டாவும் தனி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதென்ன, கோயில்ல குடுக்கறதா?"

"நீ ஒரு நாளைக்குத் திங்கறது."

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு அத்தையும் எட்டிப் பார்த்தாள். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்து, அம்மாவோடு ஒரே வரிசையில் இலை எடுக்கிறவள். சொந்தமில்லை, ஆனாலும் அத்தை. கறாரான வாய்.

"அடியே, தேத்தண்ணிக்குச் சீனி போடாம வேப்பெண்ணெயா ஊத்துவாங்க? படிக்க வெச்சது போதும் உன்னை."

சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவளாகவே வெறும் டீ போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து மாதிரி குடித்தாள். எனக்கு ஜெயித்தமாதிரி இருந்தது.

ராத்திரிச் சோற்றுக்கும் வந்தேன். எங்கள் வீட்டுத் தட்டு எப்படியென்றால், ரேஷன் அரிசிச் சோறு ஒரு மேடு, அதன்மேல் தண்ணியாகப் புளிக்குழம்போ ரசமோ, ஓரத்தில் ஊறுகாய். பருப்பு என்றைக்காவது. முட்டை அதைவிட அபூர்வம். பகல் முழுக்க டீயிலேயே ஓடிய உடம்பு, இருட்டியதும் மொத்தப் பசியையும் ஒரே தட்டில் தீர்த்துக்கொண்டு அப்படியே படுத்துவிடும். வயிறு நிறையும், ரத்தத்துக்கு ஒன்றும் போகாது. கனத்த உடம்பில் ரத்தம் எங்கே போயிற்று என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்தத் தட்டில்தான் இருந்தது. சோற்றைப் பாதியாக்கினேன். கட்டபெட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற அவரைக்கொட்டையை வாங்கி வேகவைத்து மீதி இடத்தை நிரப்பினேன். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காதது பத்து மணி.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவோடு காட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு எஸ்டேட் டீ பெரிய கேனில் வரும். பாலும் சர்க்கரையும் கலந்தேதான் வரும். எல்லாரும் சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் இலைத்தாளை அவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி பொட்டுக்கடலை கொண்டுவந்தால் வட்டம் முழுக்கச் சுற்றும். ஒருத்தி பன் கொண்டுவந்தால் பிய்த்துப் பிய்த்து எல்லார் கைக்கும் போகும். மத்தியானச் சோறும் அப்படித்தான். ஒவ்வொருத்தி டப்பாவிலிருந்தும் ஒரு கை மற்றவளுக்கு. வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவள் வீட்டுச் சோறு உனக்கு ஆகாது என்று அர்த்தம். சாதி பேசாமலே சாதி பேசினமாதிரி ஆகிவிடும்.

அம்மா தன் பையிலிருந்து சர்க்கரையில்லாத டீ ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

"பாருங்கடி, மகாராணிக்குத் தனியாத் தேத்தண்ணி" என்றாள் அத்தை.

"டாக்டரு சொன்னாருக்கா…"

"எனக்கும் டாக்டரு சொன்னாரு, உன்கூடச் சேர வேண்டான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தபடியே ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, கேன் டீக்குக் கையை நீட்டினாள். நான் முறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அங்கே கவனித்த இன்னொன்றையும் எழுத வேண்டும். டீயைக் குடித்தார்களே தவிர, தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. பாட்டில் கொண்டுவந்தவள்கூட வாய் கொப்பளித்துத் துப்பினாள். அந்த மேட்டில் ஒதுங்க இடமில்லை. புதருக்குள் போனால் அட்டை, காட்டெருமை, மேலே ரோட்டில் போகிற வண்டிகள். அதனால் விடிந்து வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை அடக்குவார்கள். அடக்க வேண்டியிருப்பதால் குடிப்பதில்லை. அன்றைக்கு நான் இதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சர்க்கரையைப் பற்றியே யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் எடை போடுகிற கொட்டகையில் எலெக்ட்ரானிக் தராசு முன்னால் வரிசை. முந்தின நாள் மழை. ஈர இலை கனக்கும், அதனால் எடை வந்ததும் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள். கழிவு கூடிவிட்டது என்று தினமும் ஒரு சின்னச் சண்டை உண்டு. அன்று எல்லார் மூட்டையும் முடிந்தபிறகு சூப்பர்வைசரிடம் கேட்டு அம்மாவைத் தராசில் ஏற்றினேன். வீட்டில் எடை மெஷின் இல்லை.

எண் தெரிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இறங்கியிருந்தது.

"ஏனுங்க, தண்ணி கழிச்சுச் சொல்லுங்க!" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அதைக் கழிச்சா மேஸ்திரி அளவுக்குத்தான் நிக்கும்" என்றாள் அத்தை. ஒல்லியான மேஸ்திரியைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. அம்மா தராசிலிருந்து இறங்க மனமில்லாமல் நின்றிருந்தாள். தன் எடைக்காக யாரும் தன்னைத் திட்டாத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

நான் வீட்டில் போட்ட சண்டையில், பத்து மணிக்கும் ஃபிளாஸ்க் டீதான் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். அடுத்த வாரங்களில் இன்னும் இறங்கியது. நான் பறந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் டீயில் போடும் சர்க்கரையைப் பற்றிப் பேசினேன். ஆபீஸில் டீ கொண்டுவருகிறவர் என்னைக் கண்டால் தட்டை மறைத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் இன்னொரு எடை இறங்குவது தெரிந்தது.

"உங்கம்மா இலை கொறஞ்சுபோச்சும்மா" என்று சூப்பர்வைசர் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. "சீசன்ல எல்லாரும் ஏத்திக் குடுக்கறப்ப இவங்க மட்டும் கீழ போறாங்க. மேல இருந்து கேக்கறாங்க. முடியலைன்னா எழுதிக் குடுத்துரலாம். உங்க பேரு பதிஞ்சுக்கலாம், வீடு அப்படியே இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். சூப்பர்வைசர் சொன்னதில் பாதியை மட்டும் சொன்னேன்.

"ஏறமாட்டேங்குது கண்ணு" என்றாள். "பத்து மணிக்கு அந்த இனிப்பு உள்ள போனாத்தான் கை ஓடும், கால் ஏறும். அது இல்லீன்னா கண்ணு இருட்டிட்டு வருது. மேல் வரிசைக்குப் போறதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வரிசை முடிச்சுடறா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, சாக்கு சொல்கிறாள் என்று. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அந்தக் கேன் டீ உபசாரம் இல்லை. அதுதான் அந்த மேட்டின் பெட்ரோல். காலையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வர நேரமில்லாத பெண்களுக்கு, நல்ல பருப்பும் முட்டையும் கையில் சேராதவர்களுக்கு, சீக்கிரம் எரிந்து சீக்கிரம் தீர்கிற மலிவான பெட்ரோல். எரிகிறவரை இலை நிறையும். எரியாத மிச்சம் இடுப்பிலும் முழங்காலிலும் ஏறி உட்காரும். அந்த முழங்காலோடு மறுபடி மேட்டில் ஏற வேண்டும். எங்கள் லைனில் வேலைக்குச் சேர்ந்தபோது ஈர்க்குச்சியாக இருந்த பெண்கள் எல்லாரும் ரிட்டயர் ஆகும்போது ஒரே மாதிரி, அகலமாக, பக்கவாட்டில் ஆடி ஆடி நடப்பது எதனால் என்று நான் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. வயசு என்றுதான் நினைத்திருந்தேன்.

சர்க்கரையை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து அம்மாவுக்கு அவரைக்கொட்டை சுண்டலும் ஒரு முட்டையும் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். முட்டையை அம்மா வட்டத்தில் பிட்டுப் பிட்டுக் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்ததும் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்துத் தின்னவைத்தேன். கொஞ்சம் சமாளித்தாள். இலை மறுபடி ஏறியது. ஆனால் உடம்பின் எடை இறங்குவது நின்றுவிட்டது. டாக்டர் போட்ட வட்டத்துக்கு மேலேயே, ஒரு சின்ன இடைவெளியில், வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. கொட்டகையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறுவாள், எண்ணைப் பார்ப்பாள், இறங்குவாள்.

"கொஞ்சந்தான பாக்கி? பொறுமையா இறங்கும்மா. உடம்பு அப்படித்தான்" என்றேன்.

"டாக்டரு தேதி குடுத்துட்டாரே கண்ணு."

"தள்ளிப் போட்டுக்கலாம்."

"தள்ளிப் போட்டா உன் பேரை எழுதிருவாங்க" என்றாள் அம்மா. சூப்பர்வைசர் சொன்ன மீதிப் பாதி அவள் காதுக்கும் போயிருந்தது.

குறித்த நாளில் கோயம்புத்தூர் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. மலையிலேயே இருக்கிறவர்களுக்கு அந்த வெயில் வேறு உலகம். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றாள். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பஸ்ஸில் வாந்தி வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாள். வட்டம் போட்ட எண்ணுக்கு ஒரு நூல் கீழே. நான் அந்த இடத்திலேயே கையைத் தட்டிவிட்டேன். போன தடவை சிரித்த அதே நர்ஸ், "பரவால்லயே, சாதிச்சுட்டீங்களே" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே சுவரைப் பிடித்தாள், பிடி நழுவி உட்கார்ந்துவிட்டாள்.

படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டி டாக்டர் காகிதத்தோடு வந்தார்.

"எடை சரியா இருக்கு. கிட்னிதான் சரியில்ல" என்றார். "வலி மாத்திரை நிறையச் சாப்பிடுவாங்களா?"

சாப்பிடுவாள். தோட்டத்தில் எல்லாரும் சாப்பிடுவார்கள். மருந்துக்கடையில் வாங்கி, காலையில் ஒன்று போட்டுக்கொண்டுதான் மேட்டில் ஏறுவார்கள். அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"தண்ணி குடிக்கறீங்களாம்மா? கடைசியா எப்ப குடிச்சீங்க?"

அம்மா தயங்கினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"முந்தாநேத்துல இருந்து குடிக்கலீங்க, டீகூட இல்லீங்க. ஈர எலைன்னா தண்ணி கழிச்சுத்தானுங்க எடை எழுதுவாங்க. அதான் நானே கழிச்சுட்டு வந்துட்டேனுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்க வேண்டியிருந்தது. தோட்டம், மழை, ஈர இலை, தராசு, கழிவு. முந்தின நாள் முழுக்க வெயிலில் இலை எடுத்திருக்கிறாள், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். அதற்கு முன் எத்தனையோ வருஷம், பாதித் தண்ணீரில். நர்ஸ் இந்த முறை சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். சில மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. கிட்னி தேறினால் அப்போது காலைப் பற்றிப் பேசலாம், தேறாவிட்டால் காலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்றார் டாக்டர். மாத்திரை இல்லாமல் அந்தக் காலோடு மேட்டில் ஏற முடியுமா என்று நான் கேட்கவில்லை. முடியாது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பர்லியாரில் பஸ் நின்றது. டீக்காரர் கூவினார். அம்மா கேட்டாள், "எண்ணு சரியாத்தான வந்துச்சு?"

"சரியாத்தாம்மா வந்துச்சு."

"அப்பறம் என்னவாம்?"

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

இது நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். அம்மாவுக்குப் பதிலாக என் பேர் பதிந்தாகிவிட்டது. ஆபீஸில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை, அழவுமில்லை. தன் இலைத்தாளை எடுத்து வெளியே போட்டு மிதித்தாள். அப்புறம் அவளே எடுத்துக் கழுவி, கொடியில் காயப்போட்டாள். அது எனக்கு நீளம், மடித்துக் கட்ட வேண்டும் என்று பின்னூசி குத்தி வைத்திருக்கிறாள். விண்ணப்பம் போடுவதை நான் நிறுத்தவில்லை, அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டாளா என்று தெரியவில்லை. இப்போது நாள் முழுக்கக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். நடக்காத உடம்புக்கு, மேட்டில் ஏறுகிறவளின் தட்டு ஆகாது. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சோற்றைக் குறைத்துப் போட்டால், வேலைக்குப் போகாததால் குறைக்கிறேன் என்று நினைத்துவிடுவாள். அதனால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன், அவளுக்கு வேண்டியதை நான் என் பக்கத்திலிருந்து தள்ளுகிறேன், மிஞ்சுவதை நான் முடிக்கிறேன். சின்ன வயதில் ஊட்டினமாதிரி இருக்கிறது என்றாள் நேற்று. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் டம்ளரிலிருந்து ஆரம்பித்தேன். டம்ளருக்குப் பின்னால் காலிவயிறு இருந்தது. அதற்கும் பின்னால், குடிக்காத தண்ணீர். ஒருத்தியை மட்டும் அந்தப் பத்து மணி வட்டத்திலிருந்து வெளியே இழுத்து அவள் எடையைக் குறைக்கப் பார்த்தது நடக்காத காரியம். செய்வதானால் வட்டம் முழுக்கச் செய்ய வேண்டும். அதற்கு வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து உட்காரப் போகிறேன்.

சூப்பர்வைசரிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். டீ இரண்டு கேனில் வர வேண்டும், ஒன்றில் சர்க்கரை கலக்காமல். எடைக் கொட்டகைக்குப் பின்னால் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும். கேனுக்குத் தலையாட்டினார். மறைப்புக்கு, "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலே கேட்டு வருவதற்குள் மழைக்காலம் போய்விடும். பழைய தார்ப்பாய் எங்கள் கூரைமேல் ஒன்று கிடக்கிறது. மூங்கிலை ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பக்கம் வெட்டிக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

"கட்டுடி, கட்டு. மொத ஆளா நான் போறேன். ஆனா ஒண்ணு, சீனியில்லாத அந்தத் தண்ணியை மட்டும் என்கிட்ட நீட்டிராத."

அவரைக்கொட்டை ஊறப்போட்டிருக்கிறேன். வட்டம் முழுக்க ஒரு கை வருமளவுக்கு, எங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில். என் கையால் நீட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த வழக்கத்தை இந்தமுறை நான் பயன்படுத்திப் பார்க்கப் போகிறேன்.